இன்னிக்கு மட்டும் செல்லசாமி

கந்தப்பளையில் கோவா மூட்டையும் கரட் மூட்டையும் லொறியில் ஏற்றுகிற செல்லசாமியைப் பற்றி ஊரில் ஒரே பேச்சுத்தான். ஆள் நல்ல ஆள், வேலையில் கள்ளமில்லை, ஆனால் கொஞ்சம் மண்டைக்கனம். மாரியம்மன் கோயில் திருவிழா வந்தால் போதும், விழாக்குழு இளந்தாரிகள் மைக்கைத் தூக்கிக்கொண்டு அவனைத் தேடி வந்துவிடுவார்கள்.

"அண்ணே, ரெண்டே ரெண்டு வார்த்த. அன்னதானம் ஆரம்பிச்சிருச்சுன்னு மட்டும் சொல்லுங்க. ஒங்க கொரலக் கேட்டா மலையே எறங்கி வரும்னு எங்கம்மா சொல்லுது."

செல்லசாமி தலையில் போட்டிருக்கும் சாக்கை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு, "தொண்ட சரியில்ல தம்பி" என்று நகர்ந்துவிடுவான். ஏழு வருசமாக ஒரு மனுசனுக்குத் தொண்டை சரியில்லாமல் போகுமா என்று அவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

சிரித்துவிட்டுப் போகட்டும். அவன் தொண்டையில் ஒரு கோளாறும் கிடையாது. ஒரு காலத்தில் வட்டகொடையிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும் அந்தத் தொண்டைக்குக் காது கொடுக்காத தோட்டமே இருக்கவில்லை. 'இன்னிக்கு மட்டும் செல்லசாமி' என்றால் பிள்ளைக்காம்பராவில் தவழுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தக் குரல் வாயடைத்துப் போனதற்குக் காரணம் ஒரு பெண்பிள்ளை. அவன் பெண்சாதி காளியாயி.

செல்லசாமி பிறந்தது வட்டகொடைப் பக்கம் கல்லருவித் தோட்டம், கீழ்க்கணக்குப் பிரிவில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை. கத்தியைவிட அவன் வாய்தான் கூர்மை என்று லயத்தில் சொல்வார்கள். 1994 ஆம் வருசம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மைக்கைப் பிடிக்க ஆளில்லை என்று அவனைப் பிடித்து நிறுத்தினார்கள். அதே திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து வெண்தாமரை சவர்க்காரக் கம்பனியின் வேன் ஒன்றும் வந்திருந்தது. வேனுக்கு மேலே ஸ்பீக்கர் கட்டி, கசெட் போட்டு, ஒரு பெண் குரல் சுத்தமான தமிழில் வெண்மை வெண்மை என்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்க ஒரு நாதியில்லை. செல்லசாமிக்கே பாவமாகப் போய்விட்டது.

"ஆறாம் லயத்து பாப்பாத்தியக்கா, ஒங்க வீட்டு ஆட்டுக்குட்டி வளையல் கடையில நின்னுக்கிட்டு வரமாட்டேங்குது. வந்து கூட்டிட்டுப் போங்க. போற வழியில அந்த சோப்பு வேனையும் ஒரு கண்ணு பாத்துட்டுப் போங்கக்கா. பாவம், காலையிலேருந்து ஈ ஓட்டுறாங்க" என்றான் மைக்கில்.

கூட்டம் சிரித்தது. சிரித்த கூட்டம் வேன் பக்கம் நகர்ந்தது. பொழுது சாய்வதற்குள் வேனில் ஒரு பெட்டி சவர்க்காரம் மிச்சமில்லை. வேனுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்ற கம்பனி அதிகாரி உமாசுதன், கோயிலுக்குள்ளேயே வந்து செல்லசாமியைத் தேடிப் பிடித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் வேலை, மலைநாடு முழுவதும் விற்பனை அவர் பொறுப்பு.

"பேப்பரிலை விளம்பரம் போட்டால் அது மூண்டு நாளைக்கு மேசையிலை கிடக்கும். பிறகு பாப்பம் எண்டு சனம் விட்டிடும்" என்றார் அவர். "நீர் கதைக்கிறது காத்தோடை போயிடுது பாரும், எனக்கு அதுதான் வேணும். பின்னேரத்தோடை இல்லாமல் போற சாமானுக்குத்தான் சனம் ஓடி வரும். இண்டைக்குச் சொன்னதை நாளைக்குச் சொல்லாதையும். ஒண்டையும் எழுதி வையாதையும். கடைசியிலை மட்டும், இண்டைக்கு மட்டும்தான் எண்டு சொல்லி முடியும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

அன்றைக்குக் கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்தவன்தான். அடுத்த மாதத்திலிருந்து வேனும் மைக்கும் அவன் பிழைப்பாயிற்று. வேனோட்டி பியதாச, சிங்கள ஆள், கண்டிப் பக்கம். சோதனைச் சாவடிகளில் ஸ்பீக்கர் பெர்மிட்டைக் காட்டிப் பேசுவது அவர் பாடு, மலையைப் பார்த்துப் பேசுவது செல்லசாமி பாடு.

அவன் வேலை செய்த விதமே தனி. ஒரு தோட்டத்துக்குள் போனால் முதலில் மைக்கைத் தொடமாட்டான். நேரே பிள்ளைக்காம்பராவுக்குப் போவான். கொழுந்துக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. அங்கே பிள்ளை பார்க்கிற ஆயாவுக்குத் தெரியாத செய்தி தோட்டத்தில் கிடையாது. அப்புறம் பீலித் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் கொஞ்ச நேரம். அரை மணித்தியாலத்தில் யார் வீட்டு மாடு கன்று போட்டது, எந்தப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணியது, எந்த மாமியார் மருமகள் ராசியானார்கள் என்பதெல்லாம் அவன் மடியில் விழுந்துவிடும். சண்டையை ஒருபோதும் மைக்கில் சொல்லமாட்டான், சமாதானத்தைச் சொல்வான். பகல் கொழுந்து நிறுக்கிற நேரம் பார்த்து வேனின் படியில் ஏறி நின்று குரலை எடுத்தால், மலையில் நிரை பிடித்து நிற்கிற பெண்களின் கை அப்படியே நின்றுவிடும். கங்காணி அதட்டுவான். அதட்டிக்கொண்டே தன் பெயர் வருகிறதா என்று தானும் காது கொடுப்பான்.

"மேல்கணக்கு மூக்கன் அண்ணன் வீட்டுல நேத்து பொட்டக் கன்னு பொறந்திருக்கு. வாழ்த்துக்கள் மூக்கண்ணே! பாலு கறக்க வாளி வேணுமில்ல? இருவது வெண்தாமரை சோப்பு பேப்பரு, ஒரு செவப்பு வாளி! எல்லாரும் சீக்கிரம் எறங்கி வாங்க, இன்னிக்கு மட்டும், இன்னிக்கு மட்டும்தான்!"

முந்தானையில் முடிந்து வைத்த சவர்க்கார உறைகளோடு பெண்கள் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடி வருவார்கள். இல்லாதவர்கள் புதுச் சவர்க்காரத்தை வாங்கி அங்கேயே உறையைக் கிழித்து நீட்டுவார்கள். மறுநாள் அடுத்த தோட்டத்தில் வேறு மூக்கன், வேறு கன்று. ஆனால் வாளி அதே வாளி, 'இன்னிக்கு மட்டும்' அதே 'இன்னிக்கு மட்டும்'. ஒருமுறை உமாசுதனுக்கு ஆசை வந்து செல்லசாமியின் பேச்சைக் கசெட்டில் பிடித்து ராகலைப் பக்கம் வேறொரு வேனில் அனுப்பினார். "எங்க லயத்துல மூக்கன்னு ஆளே இல்லியே" என்று சொல்லிவிட்டுச் சனம் கொழுந்து எடுக்கப் போய்விட்டது. அதோடு கசெட் யோசனையை அவர் தலைமுழுகினார்.

காளியாயிக்கு இந்தப் பிழைப்பில் பெருமையும் உண்டு, ஒரு முள்ளும் உண்டு. அவளுக்குப் பிறந்த வீடு நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஆனைப்பாறைத் தோட்டம். கட்டிக்கொண்டு வந்தது கல்லருவிக்கு, தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்து கொழுந்து எடுத்தாள். பிள்ளை குட்டி இல்லை. அதிகம் பேசமாட்டாள், பேசினால் சுருக்கென்று இருக்கும்.

"நாளைக்கும் அதே வாளியத்தானே அடுத்த தோட்டத்துல குடுக்கப் போறீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். "மூணு மாசங்கழிச்சு இங்கயும் குடுக்கத்தானே போறீங்க? அப்பறம் என்னத்துக்கு இன்னிக்கு மட்டும்னு பொய் சொல்றீங்க? அந்தப் பொம்பளைங்க மூச்செறைக்க ஓடி வருதுங்க."

"தொழிலு புள்ள. நாளைக்கும் உண்டுன்னு சொன்னா எவ எறங்கி வருவா?"

"அது சரி. மலையில நிக்கிற அத்தன பொம்பளைங்க பேரையும் கூப்புடுறீங்க. ஏம் பேர ஒரு நாளும் சொல்லலியே."

அதுதான் முள். செல்லசாமி சிரித்து மழுப்பினான். "சொந்தப் பொண்டாட்டி பேர மைக்குல கத்துனா, வெக்கங்கெட்ட பயன்னு தோட்டமே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. சிரிச்சாத்தானே சோப்பு விக்கிது?"

"சரி, அடுத்த தடவ" என்றான்.

அடுத்த தடவை வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேன் கல்லருவிக்கும் வரும். அந்த நாள் தெரிந்ததும் காளியாயி பெட்டியிலிருந்து தீபாவளிக்கு எடுத்த மயில்கழுத்து நிற ரவிக்கையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மேலே இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற படங்குச் சாக்கும் பழைய சட்டையும் மூடிவிட்டால் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? இருந்தாலும் போட்டுக்கொண்டாள். பதினோராம் நம்பர் மலையின் மேல் நிரையில் கூடையோடு நின்றாள். செல்லசாமி வேன் படியில் நின்று அவளைப் பார்த்தான். "பதினோராம் நம்பர் மலையில, மேல் நெரையில நிக்கிற..." என்று தொடங்கியும் விட்டான். அந்த இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. எத்தனையோ ஊர்ப் பெண்களை அக்கா, தங்கச்சி என்று கூப்பிட்ட நாக்குக்குத் தன் வீட்டுக்காரியின் பெயர் மட்டும் கனத்தது. "...நிக்கிற நம்ம கங்காணி ஐயா!" என்று முடித்தான். மலை கொல்லென்று சிரித்தது. காளியாயி குனிந்து கொழுந்து எடுத்தாள். அன்று பின்னேரம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரவிக்கையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அவள் திட்டியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இப்படியே ஆறு வருசம் ஓடிற்று. ஊரெல்லாம் போய் நாளைக்கு இல்லை, நாளைக்கு இல்லை என்று கூவியவன், கட்டிய பெண்சாதியிடம் மட்டும் அடுத்த தடவை, அடுத்த தடவை என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் நம்பிக்கொண்டுதான் இருந்தாள். தீபாவளிக்குப் பிறந்த வீடு போனால் அக்காள் சண்முகவடிவிடம், "ஒரு நாளைக்கு அவரு ஏம் பேர மைக்குல சொல்லுவாரு. அன்னிக்குப் பாரு" என்பாள். "அவன் சொல்றதுக்குள்ள எனக்குப் பல்லு விழுந்துரும்டி" என்று சண்முகவடிவு கேலி பண்ணுவாள். அண்ணன் மாயாண்டி அதைச் சொல்லிச் சொல்லியே செல்லசாமியைச் சீண்டுவான். அந்தக் குடும்பத்துக்கே அது ஒரு பகிடியாகிப் போயிற்று.

2001 ஆம் வருசம் மாசி மாதம். மழையில்லாமல் காற்று மட்டும் சுழற்றியடிக்கிற காலம். அன்றைக்கு வேன் ஆனைப்பாறைத் தோட்டத்துக்குப் போகிற முறை. விடிகாலையில் காளியாயி கோப்பையை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"இன்னிக்கு எங்க தோட்டத்துக்குத்தானே போறீங்க?"

"ஆமா. அங்க வச்சு ஓம் பேர சொல்லிப்புடவா?" அவன் அன்று என்னவோ நல்ல மனநிலையில் இருந்தான். மாமனார் வீட்டுச் சனம் சிரித்தால் சிரிக்கட்டும் என்றுகூட நினைத்திருந்தான்.

"அங்க சொன்னா எனக்கு எங்கிட்டுக் கேக்கும்?" என்று சிரித்தாள் அவள். "நான் கேக்குற எடத்துல சொல்லுங்க. அடுத்த மாசம் இங்க வருவீங்கல்ல, அப்ப சொல்லுங்க." கூடையை எடுத்துக்கொண்டு, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய்விட்டாள்.

ஆனைப்பாறையில் பகல் பன்னிரண்டரை இருக்கும். செல்லசாமி பிள்ளைக்காம்பரா ஆயாவிடம் ஊர்க்கதை வாங்கிக்கொண்டிருந்தான். தோட்ட ஆபீஸ் பியூன் ஓடிவந்து, கல்லருவியிலிருந்து டெலிபோன் என்றான். போய் எடுத்தால் மறுமுனையில் அவர்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை.

"செல்லசாமி, பதினோராம் நம்பர் மலையில கொளவி கலைஞ்சிருச்சுப்பா. எட்டுப் பேருக்குக் கொட்டிருச்சு. மத்தவங்க ஓடிட்டாங்க. காளியாயிக்குக் கூடைக் கயிறு தேயிலைக் கம்புல மாட்டிக்கிட்டு..." அதை முடிக்காமல் அடுத்ததுக்குப் போனார். "லொறியில போட்டுக் கொண்டு போனோம். பாதி வழியிலேயே முடிஞ்சு போச்சு."

செல்லசாமி டெலிபோனை எப்படி வைத்தான், எப்படி வேன் வரைக்கும் நடந்தான் என்பது அவனுக்கே ஞாபகமில்லை. கண்ணில் தண்ணீர் வரவில்லை. ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. அவளைக் கொண்டுபோய் வைக்குமுன் பிறந்த வீட்டுக் கோடி வந்தாக வேண்டும். வாழ்க்கைப்பட்ட பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து போர்த்தாமல் பிரேதத்தைத் தூக்கமாட்டார்கள். அந்தப் பிறந்த வீட்டு மண்ணில்தான் இப்போது அவன் நிற்கிறான். துக்கச் செய்தியைக் கேதம் என்பார்கள். கேதம் சொல்ல ஒரு முறை இருக்கிறது. சொல்லுகிறவன் நேரில் நடந்து போக வேண்டும், வாசலில் நிற்க வேண்டும், உள்ளே போகக்கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

யார் வாசலில் போய் நிற்பது? லயத்தில் எல்லாக் காம்பராவும் பூட்டிக் கிடந்தன. மாயாண்டி மேல்கணக்கில் கவ்வாத்து வெட்டுகிறான். சண்முகவடிவு எங்கோ ஒரு மலையில், மற்றச் சொந்தக்காரர்கள் வேறொரு மலையில். தேடிப் பிடித்து நேரில் சொல்வதென்றால் பொழுது போய்விடும், வட்டகொடைக்கு மூன்று மணித்தியாலப் பாதை. பியதாச வேன் கதவைத் திறந்து மைக்கை எடுத்து அவன் கையில் வைத்தார். "மல்லி, மைக் எகெங் கியன்ன" என்றார். மைக்கிலேயே சொல்லிவிடு தம்பி என்கிறார். அவர் கண் கலங்கியிருந்தது.

செல்லசாமி படியில் ஏறினான். சிவப்பு வாளிகள் காற்றில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன. எப்போதும் நிற்கிற அதே படி, அதே மலை, பகல் கொழுந்து நிறுக்கிற அதே நேரம்.

"ஆனைப்பாறைத் தோட்டத்துச் சொந்தங்களே" என்றான். "நம்ம மாயாண்டி தங்கச்சி, சண்முகவடிவக்கா தங்கச்சி, காளியாயி..." அதற்கு மேலே போக முடியவில்லை. "காளியாயி" என்றான் மறுபடியும். மூன்றாம் தடவையும் அதையேதான் சொன்னான். ஆறு வருசமாக வராத பெயர் இப்போது அதை விட்டு நகர மறுத்தது. "தவறிப்போச்சு" என்ற சொல்லை அவன் சொல்லத்தான் சொன்னான். மூச்சுக்குள் சொன்னான். அது வேனைச் சுற்றி நின்ற நாலு பேருக்குத்தான் கேட்டது. "எல்லாரும் சீக்கிரம் எறங்கி வாங்க" என்றபோது மட்டும் குரல் பழகிய பழக்கத்தில் தானாக மேலேறிக்கொண்டது.

ஆயா வாயில் சேலையைப் பொத்திக்கொண்டாள். மேலே மலையில் காற்றோடு போய்ச் சேர்ந்தது செல்லசாமியின் குரலும், காளியாயி என்ற பெயரும், சீக்கிரம் வாங்க என்பதும்தான். அதைக் கேட்டவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வாளி தொங்கும் சோப்பு வேனிலிருந்து கேதம் வரும் என்று எந்தத் தோட்டத்துச் சனம் நினைக்கும்?

குறுக்குப் பாதையில் முதலில் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. கூடையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டுப் பெண்கள் இறங்கி ஓடி வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் சண்முகவடிவு. ஐம்பது வயதுப் பெண்பிள்ளை, சின்னப் பிள்ளை மாதிரி கல்லுக்குக் கல் தாவி வந்தாள். மூச்சிரைக்க வேன் படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லிட்டியே தம்பி! எங்க காளியாயி பேர சொல்லிட்டியே! ஒரு வாட்டியா, மூணு வாட்டி! அவ சொல்லிக்கிட்டே இருந்தா, நாங்கதான் நம்பல." முந்தானையை அவிழ்த்து சவர்க்கார உறைகளை எடுத்து அவன் கையில் திணித்தாள். "இந்தா, பதினொன்னு இருக்கு. இன்னும் ஒம்போது வீட்டுல கெடக்கு. நாளைக்குக் கொண்டாந்தா ஆகாதா? இன்னிக்கு மட்டுந்தானா?"

பின்னால் வந்த பெண்களும் உறைகளை நீட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். பியதாச ஒரு பக்கமாகத் திரும்பி வாளிகளைக் கழற்றி வேனுக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு மட்டுந்தான்க்கா" என்றான் செல்லசாமி.

எத்தனை தோட்டத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அது பொய்யில்லை. சண்முகவடிவு இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மேலிருந்து மாயாண்டி கவ்வாத்துக் கத்தியும் கையுமாக வந்து சேர்ந்தான். "என்ன மாப்ள, கடேசியில தைரியம் வந்துருச்சாக்கும்" என்று தோளில் தட்டியவன், தட்டிய கையை எடுக்காமல் அவன் முகத்தைப் பார்த்தான்.

செல்லசாமி படியிலிருந்து கீழே இறங்கினான். செருப்பைக் கழற்றினான். வாசல் என்று ஒன்று இல்லாவிட்டாலும் வாசலில் நிற்பதுபோல் இரண்டடி தள்ளி நின்றான்.

"மச்சான், கேதம் சொல்ல வந்தேன்."

அப்புறம் எழுந்த ஓலத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது. சண்முகவடிவு தரையில் விழுந்து புரண்டாள். கையிலிருந்து விழுந்த உறைகளைக் காற்று தேயிலைச் செடிகளுக்கு மேலே கொண்டுபோயிற்று. யாரும் பொறுக்கவில்லை.

நோட்டன் பிரிட்ஜ் கடையில் ஒரு கோடிச் சேலை வாங்கினார்கள். மயில்கழுத்து நிறம்தான் வேண்டுமென்று செல்லசாமி கேட்டான், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அதே வேனில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பியதாச ஹட்டன் வழியாகக் கொண்டுவந்து சேர்த்தார். வேன் கல்லருவிக்குள் திரும்பியதும் வெண்தாமரைப் படத்தைப் பார்த்த லயத்துப் பிள்ளைகள் வழக்கம்போல ஹோவென்று பின்னால் ஓடி வந்தார்கள். பெரியவர்கள் அதட்டி நிறுத்தினார்கள். மறுநாள் அந்தச் சேலையைப் போர்த்தி அவளைத் தூக்கினார்கள்.

கருமாதிக்கு உமாசுதன் கொழும்பிலிருந்து வந்தார். கம்பனிக்காரராக வரவில்லை, மனுசனாகத்தான் வந்தார். "என்னத்தைச் சொல்லுறது செல்லசாமி" என்றார். போகும்போது, "ஆறுதலாய் வாரும். வேன் உமக்காக நிக்கும்" என்றார். செல்லசாமி மைக்கைத் துணியில் சுற்றி அவர் கையிலேயே கொடுத்தனுப்பினான். பதினோராம் நம்பர் மலையைப் பார்த்துக்கொண்டு அந்தக் காம்பராவில் இருக்க அவனால் முடியவில்லை. கொஞ்ச மாதத்தில் அதைத் தோட்டத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கந்தப்பளைக்கு வந்தவன், மூட்டை தூக்கத் தொடங்கினான்.

2008 இல் ஒரு நாள் அவன் வேலை செய்கிற காய்கறிக் கடை முதலாளியின் கைத்தொலைபேசி நம்பரைத் தேடிப் பிடித்து உமாசுதன் பேசினார். கம்பனிக்கு இருபத்தைந்து வருசமாம். விழாவில் பழைய செல்லசாமியின் குரலைப் போட்டுக் காட்ட ஆசையாம்.

"அந்தக் காலத்திலை ஆராவது உம்மடை பேச்சைக் கசெட்டிலை பிடிச்சு வைச்சிருப்பினமோ? ராகலைக்கு அனுப்பின கசெட்டுக்கு மேலை ஆரோ பாட்டு அடிச்சுப்போட்டாங்கள்."

"இல்லீங்க சேர். அன்னன்னிக்கே போயிருச்சு" என்றான் செல்லசாமி. "நீங்கதானே அப்பிடி இருக்கணும்னு சொன்னீங்க."

அதோடு தொடர்பு அறுந்தது. செல்லசாமி போனை முதலாளியிடம் கொடுத்துவிட்டு மூட்டை தூக்கப் போனான்.

ஒவ்வொரு வருசமும் மாசியில் அவள் தவறிய திதிக்கு அவன் ஆனைப்பாறைக்குப் போவான். சண்முகவடிவு வேலையிலிருந்து பேர் எடுத்துவிட்டு இப்போது லயத்திலேயே இருக்கிறாள். காளியாயி படத்துக்குப் படையல் வைத்துக் கும்பிட்ட பிறகு இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார்கள். அந்த நாளைப் பற்றி ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை. இந்த முறைதான் செல்லசாமியின் வாயில் அது வந்துவிட்டது.

"ஒரே ஒரு தடவ ஏம் பேரச் சொல்லுங்கன்னு கேட்டாக்கா. ஆறு வருசமாக் கேட்டா. சொல்லாமலே விட்டுட்டேன்."

சண்முகவடிவு கோப்பையைக் கீழே வைத்தாள். அவனை ஆறுதல்படுத்தத்தான் நினைத்தாள், பாவம்.

"ஏன் தம்பி அப்பிடிச் சொல்ற? மூணு வாட்டி சொன்னியே. நான் கேட்டேன், எங்க அண்ணன் கேட்டுச்சு, இந்த மலையில நின்ன அம்புட்டுப் பேரும் கேட்டோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ ஒருத்தி மட்டுந்தான் கேக்கல."